கிராணியார் தைத்த கிளிகள்

பொறுப்பு என்று ஒரு வார்த்தை தமிழில் இல்லாமல் போயிருந்தால் நாகையாவுக்கு வீட்டில் பேசுவதற்கு எதுவுமே இருந்திருக்காது.

கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி அவர். அவருக்கு மேலே பெரிய கிராணி. பெரிய கிராணிக்கு மேலே வெள்ளைக்காரத் துரை. பகலெல்லாம் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டதை மாலையில் மூட்டையாகச் சுமந்து வந்து, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் மனைவி தங்கமணி முன்னால் அவிழ்ப்பார். பால் பொங்கினால் பொறுப்பில்லை. விளக்குத் திரி கறுத்தால் பொறுப்பில்லை. ஒரு தடவை பீங்கான் கோப்பை ஒன்று அவள் கைதவறி உடைந்தது. அந்தக் கோப்பையில் அவர் கோப்பி குடித்த நாட்களைவிட, அது உடைந்ததைப் பற்றிப் பேசிய நாட்கள் அதிகம்.

தங்கமணி எதிர்த்துப் பேசமாட்டாள். "சரிங்க" என்பாள். அவ்வளவுதான். அந்தச் "சரிங்க"வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நாகையா ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கமணி தன் அரக்குக் காஞ்சிபுரப் பட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, கூடத்தில் கட்டியிருந்த கொடியில் காற்றாடப் போட்டாள். அடுத்த வாரம் கிள்ளானில் அவள் தங்கை சந்திரகலாவுக்குக் கல்யாணம். கட்டிக்கொண்டு போக அந்தப் பட்டுதான். தீபாவளிக்கு நாகையா வாங்கிக் கொடுத்தது. வாங்கிக் கொடுத்ததோடு விட்டாரா? அதன் ஜரிகையைப் பற்றிக் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொன்னார். கிளப்பில் சொன்னார். ஒருநாள் வாய் தவறித் துரையிடமே சொன்னார்.

கொடிக்கு நேர் கீழே நாகையாவின் சாய்வு நாற்காலி. முந்தானை அதன் கைப்பிடியை உரசிக்கொண்டு தொங்கியது.

"ஏங்க, நான் பாசாருக்குப் போயிட்டு, அப்படியே செந்தூல்ல தெய்வானை வீட்டையும் எட்டிப் பாத்துட்டு வரேன். சாயங்காலம் ஆயிடும். சோறு மூடி வச்சிருக்கு. பட்டு கொடியில கிடக்கு, பாத்துக்குங்க."

"எனக்குச் சொல்லணுமா? இந்த வீட்டுல பொறுப்புள்ளவன் நான் ஒருத்தன்தானே."

"சரிங்க."

அவள் போனதும் நாகையா சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். சுருட்டைப் பற்றவைத்தார். பத்திரிகையை விரித்தார். ஐரோப்பாவில் என்ன நடக்கிறது என்று படிக்க ஆரம்பித்து, ஐரோப்பா போய்ச் சேருவதற்கு முன்பே தூங்கிப் போனார்.

கண் விழித்தபோது சுருட்டு தரையில் கிடந்தது. அது புதிதல்ல. கையில் சுருட்டோடு தூங்குவதும் அது நழுவுவதும் அவருக்குப் பழக்கம். குனிந்து எடுத்தார். நிமிரும்போது முந்தானை முகத்தில் பட்டது. விலக்கினார். விலக்கிய கை அப்படியே நின்றது.

முந்தானையில் ஓர் ஓட்டை. வெற்றிலை அளவுக்கு, வெற்றிலை போலவே, ஓரமெல்லாம் கருகி. அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த நாகையாவின் கல்யாணப் போட்டோ தெரிந்தது. போட்டோவில் தங்கமணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாகையாவுக்குக் கிலி பிடித்தது. ஒரு கோப்பைக்கு அவர் ஆடிய ஆட்டமெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. இப்போது தங்கமணியின் முறை! அவள் கத்துவாளோ, அழுவாளோ தெரியாது. இத்தனை வருஷமும் வாயைத் திறக்காதவள் திறந்தால் எப்படியிருக்கும் என்பதே தெரியாது. அதுதான் பெரிய பயம். கிள்ளானில் மாமனார் வீட்டுக் கூட்டத்துக்கு முன்னால் சொல்லிவிட்டால்? பொறுப்புள்ள மாப்பிள்ளை பட்டைப் புகைத்துவிட்டார் என்று!

சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கட்டிய கைலியோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

பக்கத்து வீட்டு வீரம்மா, சிக்னல்காரர் மனைவி. அந்த வரிசைப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். சுலோசனா, இந்திரா என்று நாகரிகமாகப் பெயர் வைத்திருந்தவர்களும் அவளைக் கண்டால் ஒடுங்கித்தான் நிற்பார்கள். வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, பசியாறியாச்சா?"

"அக்கா, என் உசிரு உங்க கையில."

"என் கையில எதுவும் குடுக்காதே. சுளுக்கு. நேத்துலேருந்து கத்திரிகூடப் பிடிக்க முடியல."

நாகையா சேலையை விரித்தார். வீரம்மா ஓட்டையைப் பார்த்தாள். நாகையாவைப் பார்த்தாள். உரலில் இருந்த வெற்றிலையை வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

"சுருட்டா?"

"சுருட்டுதான்."

"ஐயோ பாவம்" என்றாள். யார் பாவம் என்று சொல்லவில்லை.

"தங்கமணிக்குத் தெரியாம இதை அடைச்சுக் குடுங்க அக்கா. புண்ணியமாப் போகும்."

"இது என்ன பானையா, ஈயம் வச்சு அடைக்க? ஓட்டைக்கு ஒட்டுத்தான் போடணும். ஒட்டுன்னு தெரியாம போடணும். பூவோ பறவையோ துணியில வெட்டி, மேல வச்சு, சுத்தி மிஷின்ல அடிச்சிட்டா, அலங்காரமாப் போயிடும். உள்ளுக்குள்ள ஓட்டை இருக்கிறது ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

"அப்படியே செய்ங்க!"

"நான் எங்க செய்யுறது? சுளுக்குன்னு சொன்னேன்ல லா. நான் வாயால சொல்றேன். நீ மிஷின்ல உக்காரு."

"நானா? நான் கவர்மெண்டு கிராணி அக்கா!"

"சரி. அப்ப தங்கமணி வரட்டும்."

அடுத்த நிமிஷம் நாகையா தன் வீட்டுக் கூடத்தில் தங்கமணியின் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. கதவு தாழிட்டிருந்தது. வீரம்மா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து உள்ளேயிருந்து பச்சைச் சாட்டினில் வெட்டிய கிளிகளை எடுத்தாள். சிவப்பு மூக்குகள் தனியாக இருந்தன.

"வெட்டியே வச்சிருக்கீங்களே அக்கா!"

"மருமகளுக்குத் தலகாணி உறைக்குன்னு வெட்டினேன். உன் அதிர்ஷ்டம்."

நாகையா தன் அதிர்ஷ்டத்தை நினைத்து நெகிழ்ந்துபோனார். கிலி பிடித்தவருக்குக் கிளி பிடித்துக் கொடுத்தவள் வாழ்க!

முதலில் கருகிய ஓரத்தைக் கத்திரிக்கச் சொன்னாள். கத்திரித்தார். அடியில் வெள்ளைத் துண்டுத் துணியைத் தாங்கலுக்குப் பாடமாக வைக்கச் சொன்னாள். வைத்தார். கிளியின் ஓரத்தை உள்ளே மடிக்கச் சொன்னாள். வால் மடிந்தது, கழுத்து மடியவில்லை.

"வளைவு வர்ற இடத்துல சின்னச் சின்னதா வெட்டு குடு. அப்பத்தான் படியும். அம்மாடி, அவ்வளவு ஆழமா இல்ல! கழுத்தையே அறுத்திடுவே போலிருக்கே!"

மடித்ததைக் குண்டூசியால் குத்தி, கை ஊசியால் சுற்றி ஒரு நூலோட்டம் விட்டார். அதில் பாதி குத்து துணியில், பாதி விரலில்.

"இப்ப மிஷின்ல குடு. ஓரத்தை ஒட்டியே போகணும். மெதுவா மிதி."

நாகையா மிதித்தார். சக்கரம் பின்னோக்கிச் சுற்றியது. நூல் பட்டென்று அறுந்தது. மறுபடி கோத்தார். மிதித்தார். பின்னோக்கி. பட். கிளியின் தலைமேல் நூல் சிக்குப் பிடித்துக் கொண்டை போல் எழுந்து நின்றது.

"கிளிக்கு எதுக்கு தம்பி கொண்டை?"

"சக்கரம் அது இஷ்டத்துக்குச் சுத்துதுக்கா."

"கையால ஒரு தள்ளு உன் பக்கமாத் தள்ளிவிட்டு, அப்புறம் மிதி. முனை வந்தா ஊசியைத் துணியிலேயே நிறுத்து. அந்த இரும்புக் காலைத் தூக்கு. துணியைத் திருப்பு. காலை இறக்கு. மறுபடி மிதி."

யார் காலைத் தூக்குவது, யார் காலை இறக்குவது என்று முதலில் நாகையாவுக்குக் குழப்பமாகவே இருந்தது. மிஷினின் காலைத் தூக்கச் சொன்னபோதெல்லாம் தன் காலைத் தூக்கினார். ஆனால் மூன்றாவது தடவை ஓரம் நேராக வந்தது. கழுத்து வளைவில் ஊசி சொன்னபடி கேட்டது. டக்டக்டக்கென்று வால் நுனிவரை போய் நின்றபோது அவர் உடம்பு சிலிர்த்தது.

"அக்கா! பாத்தீங்களா!"

"பாத்தேன். ஆனா ஒத்தக் கிளியா நின்னா, ஓட்டைய மறைக்கத்தான்னு யாரா இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவாங்க. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு வரணும். நடுவுல மேல ரெண்டு."

ஓட்டை ஒன்று, கிளிகள் கூட்டமாகப் பெருகின. மதியச் சோறு மூடியபடியே இருந்தது. கடைசிக் கிளிக்கு வந்தபோது நாகையா பாட்டுக்கூட முணுமுணுத்தார். அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

"கிராணி சார்! கிளப்புக்கு வரலியா?"

கூடவே வேலை பார்க்கும் சின்னையாவின் குரல். ஒரு விஷயம் அவன் காதுக்குப் போனால் அது அன்றைக்கே கூட்ஸ் வண்டியில் ஏறி ஈப்போ போய்விடும். நாகையா பதறி எழுந்தார். எழ முடியவில்லை. மடியில் கிடந்த சேலையோடு சேர்த்துக் கைலியையும் ஊசிக்குக் கொடுத்திருந்தார். கைலி, கிளி, மிஷின் மூன்றும் ஒன்றாகியிருந்தன.

"அக்கா, தைச்சுக்கிட்டேன்!"

"என்னத்தை?"

"என்னையே!"

வெளியே சின்னையா, "உள்ள என்ன சார் டக்டக்குன்னு சத்தம்?" என்றான்.

வீரம்மா கதவைத் தலை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்தாள். "கிராணிக்கு வயித்துப் போக்கு. கட்டின துணியோட கிடக்கிறாரு. நான் கஷாயம் இடிச்சுக்கிட்டு இருக்கேன். உள்ள வந்து பாக்கிறியா?"

சின்னையாவின் செருப்புச் சத்தம் வேகமாகத் தெருவைத் தாண்டியது.

வீரம்மா பிளேடால் தையலைப் பிரித்து நாகையாவை விடுதலை செய்தாள். சுளுக்குப் பிடித்த கைக்கு அது நல்ல லாவகம்தான். ஆனால் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் நாகையா இல்லை.

சாயங்காலம் தங்கமணி வந்தாள். நாகையா முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார்.

"தங்கம், உனக்கு ஒரு ஆச்சரியம். சிங்கப்பூர் பேஷன்! உனக்குத் தெரியாம டெய்லர் ஒருத்தரை வரவழைச்சுப் போடச் சொன்னேன்."

தங்கமணி கன்னத்தில் கை வைத்தாள். "அய்யோ! எவ்வளவு அழகா இருக்கு! ஞாயித்துக்கிழமையில டெய்லர் வந்தாரா?"

"வந்தான்."

"எங்க இருக்காரு? என் நீல வாயில் சேலையிலயும் போடச் சொல்லலாமே."

"அவன்... கப்பல் ஏறிட்டான்."

"அதுக்குள்ளயா?"

"அவசரக் கப்பல்."

"சரிங்க" என்றாள் தங்கமணி.

அந்த வாரம் முழுக்க நாகையா வீட்டில் பொறுப்பு என்ற வார்த்தை கேட்கவில்லை. புதன்கிழமை பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்தது. "பாலுன்னா பொங்கத்தான் செய்யும், விடு" என்றார். சுருட்டை வாசலைத் தாண்டி, வேலிப் பக்கம் போய் நின்று பிடித்தார். ஏன் என்று தங்கமணி கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் நல்லதென்று அவரும் இருந்துவிட்டார்.

கிள்ளானில் கல்யாணப் பந்தல். தாலி கட்டி முடிந்ததும் பெண்கள் கூட்டம் மணப்பெண்ணை விட்டுவிட்டுத் தங்கமணியைச் சூழ்ந்துகொண்டது. ஒருத்தி கிளியின் வாலைத் தடவினாள். இன்னொருத்தி மூக்கைத் தொட்டாள். நாகையா சந்தனக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுக்கிற சாக்கில் அந்தக் கூட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்தார். சிலருக்கு இரண்டு தடவை கொடுத்தார்.

தங்கமணியின் சித்தி இராஜம்மா லேசில் விடுகிறவள் அல்ல. முந்தானையைக் கையில் எடுத்து, கண்ணருகே கொண்டுபோனாள்.

"இந்தக் கிளி ஏன்டி தலைகீழாத் தொங்குது?"

நாகையா பார்த்தார். அடப்பாவி! ஒன்று தலைகீழாகத்தான் இருந்தது.

"கிளின்னா கிளையில தொங்கிப் பழம் கொத்தும்ல சித்தி" என்றாள் தங்கமணி.

"அட ஆமா! என்ன நுணுக்கம் பாரு!"

இராஜம்மா அத்தோடு நிற்கவில்லை. முந்தானையைப் புரட்டினாள். "அடியில என்னடி இது வெள்ளைத் துணி?"

நாகையா சந்தனக் கிண்ணத்தோடு பந்தல் காலுக்குப் பின்னால் ஒதுங்கினார். போயிற்று. எல்லாம் போயிற்று. அந்த வெள்ளைத் துணிக்கு மேலே ஓட்டை. ஓட்டைக்கு மேலே மானம்.

"பாடம் போட்டிருக்கு சித்தி. அது இல்லாட்டி கிளி சுருங்கிப் போயிடும்."

"ஓகோ!" என்று இராஜம்மா முந்தானையை விட்டாள். நாகையா விட்ட மூச்சில் பந்தல் தோரணம் அசைந்திருக்கும். தன் மனைவி இவ்வளவு கெட்டிக்காரியா என்று பூரித்துப்போய்த் தனக்குத்தானே சந்தனம் பூசிக்கொண்டார்.

அப்போது இராஜம்மா கேட்டாள். "யாருடி தைச்சது?"

"நானேதான் சித்தி."

கூட்டம் முழுக்க 'ஆ' என்றது. "தங்கமணி கைவேலையா! விரலுக்கு வைரமோதிரம் போடணும்டி!"

நாகையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிங்கப்பூர் டெய்லரின் வேலையை இவள் தன்னுடையது என்கிறாளே! அந்த டெய்லர் யார்? தான் அல்லவா? கழுத்து வளைவில் வெட்டுக் கொடுத்தது யார்? முனையில் ஊசியை நிறுத்தித் துணியைத் திருப்பியது யார்? விரலெல்லாம் குத்து வாங்கியது யார்? கூட்ஸ் ஷெட்டில் இத்தனை வருஷம் குப்பைகொட்டி, ஒருவன் வாயிலிருந்தும் வராத புகழ் இந்தப் பந்தலில் கொட்டுகிறது. குனிந்து பொறுக்கிக்கொள்ள முடியவில்லையே! 'நான்தான்! கிளி என்னுடையது!' என்று தொண்டைவரை வந்தது. சந்தனத்தைக் கரைத்துக் குடித்ததுபோல் விழுங்கினார்.

சாப்பாடு முடிந்து மதிய ரயிலில் திரும்பினார்கள். பெட்டியில் கூட்டமில்லை. தங்கமணி மடியில் ஒரு துணிப்பொட்டலம். வண்டி கிள்ளானை விட்டு ரப்பர் தோட்டங்களுக்குள் நுழைந்ததும் அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏங்க, கோவமா?"

"எனக்கென்ன கோவம்? அந்த டெய்லர் கேட்டா வருத்தப்படுவாரு. அவ்வளவுதான்."

"விரலெல்லாம் காயத்தோட தைச்சவரு. வருத்தமாத்தான் இருக்கும்" என்று அவர் கையைப் பார்த்தாள்.

நாகையா கையை வேஷ்டி மடிப்புக்குள் ஒளித்தார். ஒளித்தபிறகு அர்த்தமில்லை என்று தெரிந்தது. வெளியே எடுத்தார்.

"தெரியுமா?"

"தெரியுங்க."

"தங்கம், வேணும்னு செய்யல. கண்ணசந்துட்டேன். சுருட்டு கை நழுவி முந்தானை மேல விழுந்து..."

"சுருட்டு முந்தானை மேல எங்க விழுந்தது? தரையிலதானே கிடந்திருக்கும். தினமும் அங்கதானே விழும்."

"அப்ப அந்த ஓட்டை?"

"சனிக்கிழமை நான் இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தேன். வாசல்ல வீரம்மா அக்கா கூப்பிட்டாங்க. பெட்டியை அப்படியே வச்சிட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா, பெட்டி நுனி அச்சா இறங்கியிருக்கு."

நாகையாவுக்கு முதலில் வந்தது கோபமே அல்ல. அப்பாடா! நெஞ்சுக்குள் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்த பாறாங்கல் உருண்டு பத்து தீகா ஸ்டேஷன் பக்கம் எங்கோ விழுந்தது. நான் எரிக்கவில்லை! நான் நிரபராதி! ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காற்று வாங்கினார். ரப்பர் மரங்கள்கூட அழகாகத் தெரிந்தன. ஒரு ஸ்டேஷன் கடந்தபிறகுதான் கோபப்படலாமே என்ற யோசனை வந்தது.

"அப்ப நீயும் அந்த வீரம்மாவும் சேர்ந்து என்னை..."

"ஆமாங்க."

"அந்தச் சுளுக்கு?"

"சுளுக்கெல்லாம் இல்லைங்க."

"எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் நெனைச்சேன். ஒரு கோப்பைக்கு எத்தனை நாள் பேசினீங்கன்னு யோசிச்சேன். பட்டுக்கு எத்தனை நாள் ஆகும்? தங்கச்சி கல்யாணம் முடிஞ்சிருக்கும், நீங்க முடிச்சிருக்க மாட்டீங்க."

நாகையாவின் முகம் சிவந்தது. ஒரு வாரமாகப் பூட்டி வைத்திருந்த அந்த நாலெழுத்து வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. வாயைத் திறந்தார்.

"கத்துங்க" என்றாள் தங்கமணி சாந்தமாக. "ஆனா அந்தக் கோடியில யாரு உக்காந்திருக்காருன்னு பாத்துக்கிட்டுக் கத்துங்க. உங்க பெரிய கிராணி பண்டமாரான்ல மச்சினர் வீட்டுக்கு வந்துட்டுத் திரும்புறாரு போலிருக்கு. என்ன விஷயம்னு கேப்பாரு. ஆரம்பத்துலேருந்து சொல்லணும். கைலி வரைக்கும் சொல்லணும்."

நாகையா திரும்பிப் பார்த்தார். பெரிய கிராணி பத்திரிகைக்கு மேலாகத் தலையை ஆட்டிப் புன்னகை செய்தார். நாகையா திறந்த வாயை அப்படியே அகட்டி, அவருக்குப் பெரிய புன்னகையாக ஆக்கிக்கொண்டார்.

"பயப்படாதீங்க. கிள்ளான்ல எல்லாரும் நான் தைச்சதாத்தான் நம்புறாங்க. உங்க கௌரவத்துக்கு ஒரு குறையும் இல்ல."

அதுவும் சரிதான். பட்டு எரித்த பழி இல்லை. தையல்காரன் என்ற பேச்சு இல்லை. மாமனார் வீட்டில் மரியாதை அப்படியே இருந்தது. யோசிக்க யோசிக்க நாகையாவுக்கு உடம்பு லேசாகியது. காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தார். அப்போது தங்கமணி தன் மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"என்னது இது?"

"அம்மாவோட நீலப் பட்டு. சித்தியோடதும் இருக்கு. ரெண்டு பேருக்கும் கிளி வேணாமாம். மயில் வேணுமாம். நான் தைச்சுத் தரேன்னு ஒத்துக்கிட்டேன்."

"அப்ப நீ தைக்க வேண்டியதுதானே?"

"எனக்கு ஒட்டு வேலை வராதுங்க. ஜாக்கெட், தலகாணி உறை, அவ்வளவுதான்."

வண்டி பங்சார் தோட்டத்தைத் தாண்டி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வேகம் குறைந்தது. நாகையா பொட்டலத்தைப் பார்த்தார். பெரிய கிராணியைப் பார்த்தார். மனைவியின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தோகை விரிச்ச மயிலா, விரிக்காத மயிலா?"